டிரெய்லரில் கட்டை போடுவதும் ஸ்டெப்னி மாற்றுவதும்: முதலிலிருந்து கடைசி வரை

ஸ்டெப்னி மாற்றுவதற்கு வழிகாட்டியா என்று சிரிப்பவர்கள் பெரும்பாலும் காரில் மட்டும் மாற்றிப் பழகியவர்களாக இருப்பார்கள். 40 அடி டிரெய்லரில் ஓடும் 10.00ஆர்20 அளவு டயர் ஒன்று டிஸ்க் (டயரை மாட்டும் இரும்புச் சக்கரம்), டியூப், ஃபிளாப் (டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வரும் ரப்பர்ப் பட்டை), ரிங் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். அதற்குள் 110, 120 பிஎஸ்ஐ காற்று, அதாவது ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் அத்தனை பவுண்டு அழுத்தம். லோடோடு நிற்கும் வண்டி சாதாரணமாக 40 டன். நம் ஊரில் இந்த வேலையை ஒரு டிரைவரும் ஒரு கிளீனரும், பல நேரம் டிரைவர் மட்டுமே தனியாக, ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செய்கிறார்கள்.

பல வருடம் டிரெய்லர்களோடு புழங்கியதில் நான் பார்த்தது ஒன்றுதான். அடிபட்டவர்களில் வேலை தெரியாதவர்கள் ரொம்பக் குறைவு. வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடத் தெரியும், ஆனால் ஜாக்கியை ஏற்றிய பிறகு போடலாம் என்று விட்டிருப்பார்கள். காற்றை இறக்கத் தெரியும், ஆனால் நட்டைக் கழற்றிய பிறகு இறக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். அதனால் கீழே சொல்வதில் எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எதற்கு முன்னால் எது என்பதைக் கவனியுங்கள்.

பிரேக் இருக்கும்போது கட்டை எதற்கு

ஒரு யார்டில் நடந்தது. ஹார்ஸை (முன்னால் இழுத்துப் போகும் இன்ஜின் வண்டியை) கழற்றிவிட்டு, கன்டெய்னரோடு டிரெய்லரை மட்டும் அதன் முன்பக்க இரும்புக் காலில் நிறுத்திவிட்டுப் போனோம். சிமென்ட் தரை, பார்வைக்குத் தட்டையாகத்தான் இருந்தது. கட்டை போடவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வண்டி பதினைந்து அடி தள்ளி, சுவரில் சாய்ந்து நிற்கிறது, கால் இரண்டும் வளைந்திருந்தன. அந்தச் சுவரோரம்தான் தினமும் இரண்டு பேர் படுத்துத் தூங்குவார்கள். அன்றைக்கு வெயில் என்று இடம் மாறிப் படுத்திருந்தார்கள்.

நடந்தது என்னவென்றால், அந்த டிரெய்லர் பழசு, ஸ்பிரிங் பிரேக் கிடையாது. ஹார்ஸைக் கழற்றியதும் ஏர் லைன் துண்டிக்கப்பட்டு, டிரெய்லரின் சொந்த டாங்கியில் இருக்கும் காற்று பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். காற்று இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பிடி. ஏதோ ஒரு வாஷரில் மெதுவாகக் கசிந்து டாங்கி காலியானால் பிரேக் தானாக விட்டுவிடும். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில் இதற்கு நேர் எதிர்: காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கை இறுக்கும். உங்கள் டிரெய்லரில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தத் "தட்டை" தரை. மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று எந்த யார்டையும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு சரிவு வைத்துத்தான் போடுவார்கள். நூற்றுக்கு இரண்டு சரிவில் 40 டன் வண்டியை 800 கிலோ விசை கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. தொப்பூர் மலைச்சாலை மாதிரி இறக்கத்தில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் பிரேக் இருந்தாலும் கட்டை வேண்டும். எந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்குகிறீர்களோ அந்தப் பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். பிரேக் பிடித்திருந்தும் அங்கே அதற்கு வேலையில்லை, சக்கரத்துக்குத் தரை வேண்டுமே.

எந்தக் கட்டை, எங்கே

சாலையோரக் கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக் கட்டை என்றால் கல்தான். உருண்டைக் கல் உருளும். செங்கல் நொறுங்கும். ஹாலோ பிளாக் பார்க்கப் பெரிதாக இருக்கும், 4 டன் ஏறி நின்றால் அப்பளம். எல்லாவற்றையும் விட மோசம், வேலை முடிந்ததும் அந்தக் கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போவது. பின்னால் இருட்டில் வரும் பைக்காரருக்கு அது எமன். வேறு வழியே இல்லாமல் கல் போட்டிருந்தால், கிளம்புவதற்கு முன் கையால் எடுத்து ஓரம் கட்டிவிட்டுப் போங்கள்.

மரக்கட்டை என்றால் கருவேலம் மாதிரி உறுதியான மரம் வேண்டும், அந்தக் காலத்து மாட்டு வண்டிச் சக்கரத்துக்கே போட்ட மரம் அது. பேக்கிங் பெட்டிப் பலகையில் வெட்டியது நார் நாராகப் பிளந்துவிடும். ரப்பர், பாலியூரித்தேன் கட்டைகள் நனைந்த தாரிலும் நன்றாகப் பிடிக்கும். இரும்பில் மடக்கு கட்டை வருகிறது, மண் தரையில் அடியில் பற்கள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உயரத்துக்கு ஒரு கைக்கணக்கு: டயரின் மொத்த உயரத்தில் கால்பங்கு. 10.00ஆர்20 ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், ஆக 8 முதல் 10 அங்குலக் கட்டை. இதற்குக் குறைந்தால் டயர் அதன்மேல் ஏறி இறங்கிப் போய்விடும். ஐரோப்பாவில் ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஒவ்வொன்றிலும், வண்டியின் எடைக்கும் சக்கரத்தின் அளவுக்கும் ஏற்ற கட்டை ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்று ஏடிஆர் விதி சொல்கிறது. நான் எந்த டிரெய்லரிலும் நான்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். விலையைப் பார்த்தால் ஒரு டயர் விலையில் தூசு.

எங்கே போடுவது? இறக்கத்தில் நின்றால் வண்டி எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறதோ அந்தப் பக்கம். மூக்கு கீழே பார்த்தால் டயருக்கு முன்னால், ஏற்றத்தில் நின்றால் பின்னால். தட்டையான இடம் என்றால் ஒரே டயருக்கு முன்னும் பின்னும். தூக்கப் போகும் சக்கரத்துக்குக் கட்டை போட்டுப் பயனில்லை. இடது பின் ஆக்சிலைத் தூக்குகிறீர்களா, வலது பக்க டயர்களுக்கும் ஹார்ஸின் பின் சக்கரத்துக்கும் போடுங்கள். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கட்டிய மூன்று ஆக்சில் டிரெய்லரில் ஒன்றைத் தூக்கினால் பக்கத்து ஆக்சில்களின் பாரமும் மாறும், அதனால் ஒரே இடத்தில் போட்ட கட்டையை மட்டும் நம்பி விடாதீர்கள். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் போட்ட கட்டையை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, சக்கரம் லேசாகத் திரும்பினாலும் நழுவிவிடும்.

கட்டையின் சாய்ந்த முகம் டயரைப் பார்க்க வேண்டும், டயரின் அகலத்துக்கு நேர் நடுவில், கோணல் இல்லாமல், இடைவெளி இல்லாமல். ஒட்டி வைத்த பிறகு பிரேக்கை மெதுவாக ஒரு கணம் விட்டு, வண்டி கட்டைமேல் சாய்ந்து உட்காரட்டும், மறுபடி பிரேக்கைப் போடுங்கள். இந்த நேரத்தில் வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. கையால் கட்டையைத் தள்ளிச் சொருகாதீர்கள். கைப்பிடியோ ஒரு முழம் கயிறோ கட்டி வைத்துக்கொண்டால் விரல் டயருக்கு அடியில் போகவே தேவையில்லை. மலை ஏறும் லோடு வண்டிக்குப் பக்கத்தில் கிளீனர் கட்டையோடு கூடவே ஓடி, வண்டி நின்றதும் சக்கரத்துக்குள் வீசுவது பழைய பழக்கம். அதை நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வண்டியை நிறுத்தியதும்

முடிந்தவரை மெதுவாக உருட்டிக்கொண்டே போய் கெட்டியான, தட்டையான, சாலையை விட்டு விலகிய இடத்தில் நிறுத்துங்கள். பஞ்சரான டயர் எப்படியும் போனதுதான், அதைக் காப்பாற்ற வளைவில் நிறுத்தாதீர்கள். நான்கு பக்க இண்டிகேட்டர், பார்க்கிங் பிரேக், இன்ஜின் ஆஃப். ஒளிரும் முக்கோணத்தை ஐம்பது அறுபது அடி இல்லை, குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால், வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே வையுங்கள். மரக்கிளையை வெட்டிப் போடுவதெல்லாம் இருட்டில் யாருக்கும் தெரியாது. சாலைப் பக்கச் சக்கரம் என்றால் ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் வருகிற வண்டிகளை மட்டும் பார்த்து நிற்க வேண்டும். அப்புறம் கட்டை. கட்டை போட்டதும் வண்டிச் சாவியைக் கழற்றி அந்தக் கட்டையின் கயிற்றிலேயே மாட்டிவிடுங்கள். கட்டை இருப்பதை மறந்து யாரும் வண்டியைக் கிளப்ப முடியாது. இது ஒரு பழைய டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது, இன்றுவரை ஒருதடவையும் பொய்க்கவில்லை.

மலை இறங்கி வந்த வண்டி என்றால் இன்னொரு விஷயம். டிரம் கொதித்துக்கொண்டு இருக்கும், டயரிலிருந்து ரப்பர் கருகிய வாடை வரும். பக்கத்தில் போகாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். வெப்பத்தில் டயருக்குள் ரப்பர் வெந்து, எரியும் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும், நன்றாக ஆறும் வரை தள்ளி உட்கார்ந்திருங்கள்.

ஸ்டெப்னியை இறக்குவது

டிரெய்லரில் ஸ்டெப்னி பெரும்பாலும் சேசிஸுக்கு அடியில், சங்கிலியிலோ வயர் ரோப்பிலோ தொங்கும் கேரியரில் இருக்கும், சிலதில் பக்கவாட்டுக் கூண்டில். மாதக்கணக்கில் சேறும் தண்ணீரும் அடித்து அந்தச் சங்கிலியும் ராட்செட் பல்லும் துருப்பிடித்திருக்கும். அதனால் அடியில் படுத்துக்கொண்டு நட்டைக் கழற்றாதீர்கள். உடம்பு வெளியே, கைப்பிடி மட்டும் உள்ளே. டயர் விழுந்தால் எங்கே விழும் என்று முதலில் பார்த்து, அந்த வட்டத்துக்குள் காலோ தலையோ வராமல் நில்லுங்கள். நட்டு மாட்டிக்கொண்டால் டயருக்கு அடியில் பலகையோ ஜாக்கியோ கொடுத்துத் தாங்கிவிட்டுத் தட்டுங்கள்.

தரையில் வந்ததும் தூக்கப் பார்க்காதீர்கள். 100 கிலோவைக் குனிந்து நிமிர்த்துவதில் இடுப்பு போனவர்கள் எத்தனையோ பேர். கடப்பாரையை ஓரத்தில் கொடுத்து நெம்பி, இரண்டு பேராக நிமிர்த்துங்கள். உருட்டும்போது கை டயரின் மேல்புறத்தில், ஓடுதளத்தில் (சாலையில் படும் பகுதியில்) இருக்க வேண்டும், டிஸ்க் ஓட்டைக்குள் விரல் விடக் கூடாது. சரிவான இடத்தில் தனியாக உருட்டாதீர்கள். சாய ஆரம்பித்துவிட்டால் விட்டுவிட்டு ஒதுங்குங்கள். விழுகிற டயரைப் பிடிக்கப் போய்த்தான் கால் எலும்பு முறிகிறது. டயருக்கு ஒன்றும் ஆகாது. இறக்கிய டயரைப் படுக்கப் போடுங்கள், வண்டியில் சாய்த்து வைக்காதீர்கள்.

காற்றை எடுக்காமல் நட்டைத் தொடாதீர்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டியூப் டயரின் டிஸ்க் ஒரே துண்டு கிடையாது. ஒரு பக்கம் ரிங் போட்டுப் பூட்டியிருக்கும். 20 அங்குல விட்டம் என்றால் பரப்பு 314 சதுர அங்குலம், 120 பிஎஸ்ஐ காற்று அதைத் தள்ளினால் கிட்டத்தட்ட 17 டன் விசை. ரிங் துருப்பிடித்திருந்தாலோ டிஸ்க் விரிசல் விட்டிருந்தாலோ, வீல் நட்டுதான் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி நட்டைக் கழற்றும்போது ரிங் பறக்கும், அதற்கு நேரே உங்கள் முகம்.

எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வால்வுக்குள் மரையோடு இருக்கும் அந்தச் சின்ன ஊசியை முழுசாகக் கழற்றி வெளியே எடுங்கள். அழுத்திப் பிடித்துக் காற்று விடுவது போதாது. சத்தம் நின்றதும் மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுப் பாருங்கள், தூசி அடைத்தும் சத்தம் நிற்கும். இரட்டை டயர் என்றால் இரண்டிலும் காற்றை இறக்குங்கள், பஞ்சர் உள்டயரில் இருந்தாலும் சரி, வெளிடயரில் இருந்தாலும் சரி. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, லாரி டயர் வேலைக்கென்றே 1910.177 என்ற தனி விதி வைத்திருக்கிறது. சேதம் தெரிந்தாலோ சந்தேகம் இருந்தாலோ, அல்லது டயர் அதற்குரிய காற்றில் 80 சதவீதமோ அதற்குக் குறைவோ வைத்து ஓடியிருந்தாலோ, சக்கரத்தை ஆக்சிலில் இருந்து கழற்றும் முன்பே ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்க வேண்டும் என்கிறது அது. 120 போட வேண்டிய டயர் என்றால் 96. அந்த அளவுக்கு இறங்கி ஓடிய டயருக்கு "ஒரு காத்து போட்டுட்டுப் போயிடலாம்" என்பதும் கூடாது. உள்ளே பக்கச் சுவர் நசுங்கி நைந்திருக்கும், காற்று ஏறும்போது பிளக்கும்.

டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் வெல்டிங் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காற்று இறக்கியிருந்தாலும் அது வெடிகுண்டு. விரிசல் விட்ட டிஸ்க்கின் இடம் பழைய இரும்புக் கடை.

ஜாக்கியும் நட்டும்

சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு பைப் போட்டு இழுத்தால் ஜாக்கியிலிருந்து வண்டி நழுவும். நட்டு அசையவில்லை என்றால் போல்ட் தலையைப் பாருங்கள்: சில வண்டிகளில் இடது பக்கம் எதிர் மரை, "எல்" என்று பொறித்திருக்கும். இது தெரியாமல் அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்த ஆள் நான்தான்.

ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை, கல் இல்லை. ஆக்சிலில் யூ போல்ட்டுக்குப் பக்கத்தில், பட்டை உட்காரும் இடத்தை ஒட்டி ஜாக்கி நேராக நிற்க வேண்டும். டிரெய்லர் ஹார்ஸோடு கோர்த்தே இருக்கட்டும், தனியாகக் காலில் நிற்கும் டிரெய்லரை ஜாக்கியில் தூக்காதீர்கள். டயர் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பினால் போதும். உடனே ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கட்டைகளோ கொடுங்கள். ஹைட்ராலிக் ஜாக்கி ஒரு வாஷரை நம்பி நிற்கிறது, அது தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. ஸ்டாண்டு கொடுக்கும் முன் உடம்பில் எந்தப் பகுதியும் ஆக்சிலுக்கு அடியில் போகக் கூடாது.

சக்கரத்தை இழுக்கும்போது டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் நடுவில் விரலை விடாமல் கம்பியால் நெம்பி இறக்குங்கள். ஹப்பும் டிஸ்க்கும் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஆயுத பூஜைக்கு டிஸ்க்கை எல்லாம் பளபளவென்று பெயின்ட் அடிக்கிறோம், பார்க்க அழகுதான். ஆனால் உட்காரும் முகத்திலும் நட்டு பதியும் இடத்திலும் அடித்த தடித்த பெயின்ட் நாலு நாளில் நொறுங்கி உதிர்ந்து, நட்டு தானாகத் தளரும்.

ஸ்டெப்னியை மாட்டும் முன் அதன் காற்றைப் பாருங்கள். (இதைக் கிளம்பும் முன்பே பார்த்திருக்க வேண்டும், பெரும்பாலும் ஸ்டெப்னியில்தான் காற்றே இருக்காது.) ஜோடி டயரில் ஒன்று ரேடியல் வகை, ஒன்று நைலான் வகை என்று போடாதீர்கள். இரண்டின் விட்டமும் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பெரிய டயர்தான் பெரும்பகுதி பாரத்தைச் சுமக்கும். உள்டயர் வால்வும் வெளிடயர் வால்வும் எதிரெதிரே வரட்டும், காற்று பார்க்கக் கை எட்டும்.

நட்டைக் கையால் முடிந்தவரை ஏற்றி, ஒன்றுக்கு நேர் எதிர் இன்னொன்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. எவ்வளவு என்று ஆக்சில் கம்பெனி சொன்னதுதான் கணக்கு, 22 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஒரு அந்தாஜு: ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 60 கிலோ ஆள் தொங்கினால் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டு மீட்டர் பைப்பில் ஏறிக் குதிக்கிறவர் போல்ட்டை இழுத்து நீட்டிக்கொண்டிருக்கிறார், அது அடுத்த மாதம் எங்கோ முறியும்.

காற்று அடிக்கும்போது

கடையில் என்றால் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். கூண்டு இல்லாத கடையில் ரிங் டயருக்குக் காற்று அடிக்க விடாதீர்கள், கோபப்பட்டாலும் பரவாயில்லை. கிளிப் போட்டு விடும் நாசில், பத்து அடிக்குக் குறையாத ஹோஸ், அடிக்கிறவர் ஓடுதளத்துக்கு நேரே தள்ளி நிற்க வேண்டும், டயரின் முகத்துக்கு எதிரே யாரும் கூடாது. கொஞ்சம் காற்று ஏறியதும் நிறுத்தி ரிங் சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் காற்றை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பம். காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டிச் சரி செய்வது நம் பஞ்சர் கடைகளில் கண்கூடாகப் பார்க்கிற தற்கொலை.

கிளம்பும் முன்

பஞ்சரான டயரைக் கேரியரில் ஏற்றி, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு போட்டு, அதற்கும் மேல் தனியாக ஒரு சங்கிலி சுற்றிப் பூட்டுங்கள். ஓடும் வண்டியிலிருந்து 100 கிலோ டயர் கழன்று விழுந்தால் பின்னால் வருபவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. மாதம் ஒருமுறை கேரியரை இறக்கி ஏற்றி கிரீஸ் வையுங்கள்.

ஜாக்கி, பலகை, ஸ்டாண்டு எல்லாம் உள்ளே போன பிறகுதான் கட்டை. இறக்கத்தில் கட்டை டயருக்கு அடியில் இறுகிப்போயிருந்தால் சுத்தியலால் அடித்து எடுக்காதீர்கள். சாவியைக் கயிற்றிலிருந்து எடுத்து, டிரைவர் வண்டியை ஒரு சாண் மேட்டுப் பக்கம் நகர்த்திப் பிரேக் போட, கீழே இருப்பவர் பக்கவாட்டில் நின்றபடி கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். நான்கு போட்டிருந்தால் நான்கையும் எண்ணி உள்ளே வையுங்கள். முக்கோணத்தை மறந்துவிட்டுப் போவது எல்லோரும் செய்வது, அதையும் எடுங்கள்.

50 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் ஏதாவது டீக்கடையில் நிறுத்தி எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டிய சக்கரம் ஓடி உட்கார்ந்ததும் நட்டு கொஞ்சம் தளரும், அனேகமாக ஒன்றிரண்டு கால் சுற்று வாங்கும். அந்த டீக்கடையிலும் முதலில் கட்டையைப் போட்டுவிட்டு டீ சொல்லுங்கள்.